பருவநிலை மாற்றமும் உலக நாடுகளின் கூட்டுறவும்: நம் பகுதிக் காற்றாலைகள் கற்பிக்கும் பாடம்

'பருவநிலை மாற்றம்' என்ற சொற்றொடரை நாம் பாடநூலிலும் செய்தித்தாளிலும் அடிக்கடி காண்கிறோம். அதைப் படிக்கும்போது உருகும் துருவப் பனியும் கடலில் மூழ்கும் தீவுகளும் மனக்கண்முன் தோன்றுகின்றனவே தவிர, பனியன் கம்பெனிகளும் சாயப்பட்டறைகளும் நிறைந்த நம் திருப்பூர் தோன்றுவதில்லை. உலக நாடுகள் கூடிப் பேசும் மாநாடுகளுக்கும், ஓவர்லாக் மெஷினில் அமர்ந்து தைக்கும் நம் அன்னையருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். தொடர்பு உண்டு. உலக நாடுகள் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தத்தின் பயனாக வெளிநாட்டுப் பணம் நம் பகுதி நூற்பாலைகளை வந்தடைந்தது. சில ஆண்டுகளில் அந்த வரவு ஏறக்குறைய வற்றியும் போனது. இந்த வரலாற்றை அறிந்துகொண்டால், நாடுகளுக்கிடையே கூட்டுறவு எவ்வாறு அமைகிறது, எதனால் தளர்கிறது, அதை நிலைநிறுத்த என்ன வேண்டும் என்பவை நமக்கு விளங்கும்.

நொய்யல் காட்டும் நியாயம்

முதலில் நம் ஆற்றையே எடுத்துக்கொள்வோம். வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. பின்னலாடைத் தொழில் வளர வளரச் சாயக்கழிவு இந்த ஆற்றில் விடப்பட்டது. பாசனத்துக்கென்று 1992-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் உப்பும் சாயமும் கலந்த நீரே தேங்கியது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் கிணறுகள் கெட்டன. நிலங்கள் உவர் பாய்ந்தன. தொழிலின் இலாபம் மேலே இருந்த நகருக்குச் சேர்ந்தது. நஷ்டமோ கீழே இருந்த உழவர்களைச் சேர்ந்தது.

உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். மாசு உண்டாக்கியவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை, தோல் பதனிடும் ஆலைகள் குறித்த வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டிருந்தது. நொய்யல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் கடுமையான நிபந்தனைகளை விதித்தது. அவை நிறைவேறாமற் போகவே, 2011-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பட்டறைத் தொழிலாளர் குடும்பங்கள் பல வருவாய் இழந்து தவித்தன. பின்னர் மாநில அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்து உதவ, கழிவுநீரைச் சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்குப் பட்டறைகள் மாறின. சிறிய பட்டறை ஒவ்வொன்றும் தனித்தனியே இத்தகைய நிலையம் அமைக்க இயலாது. ஆகவே பல பட்டறைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துகின்றன. இத்தகைய நிலையங்கள் இன்று நம் பகுதியில் 18 உள்ளன.

இதில் மூன்று கருத்துகள் அடங்கியுள்ளன. கேட்டை விளைவித்தவர் செலவை ஏற்க வேண்டும். தனியே செய்ய முடியாததைக் கூடிச் செய்ய வேண்டும். மாறவேண்டியவருக்கு அதற்கான பணம் காலத்தில் கிடைக்க வேண்டும். உலக நாடுகள் பருவநிலை பற்றிப் பேசுவனவெல்லாம் பெரும்பாலும் இம்மூன்றில் அடங்கிவிடும்.

உலகக் காற்றும் ஓர் ஆறே

நிலக்கரி, பெட்ரோல், டீசல் ஆகியவற்றை எரிக்கும்போது கரியமில வாயு உண்டாகிறது. அது சூரிய வெப்பம் திரும்பிச் செல்லாதவாறு பூமியைப் போர்வைபோல் மூடுகிறது. தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த இவ்வாயு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. ஆற்றில் விட்ட கழிவு கீழே உள்ள ஊரைச் சேர்வதுபோல, ஒரு நாட்டின் புகை எல்லா நாட்டின் வானத்தையும் சேர்கிறது.

இந்தப் புகையை விட்டவர் யார்? 1850 முதல் 2019 வரை மனிதர் வெளியிட்ட கரியமில வாயுவில் வட அமெரிக்காவின் பங்கு ஏறத்தாழ நூற்றுக்கு 23. ஐரோப்பாவின் பங்கு 16. இந்தியாவையும் அண்டை நாடுகளையும் உள்ளடக்கிய தெற்காசியா முழுவதின் பங்கு 4 மட்டுமே. இன்றும் ஓர் அமெரிக்கருக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 14 டன் என்றால், ஓர் இந்தியருக்குச் சுமார் 2 டன்தான். எனினும் வறட்சியும் புயலும் வெள்ளமும் ஏழை நாட்டு மக்களையே முதலில் தாக்குகின்றன. ஒரத்துப்பாளையத்து உழவரின் நிலையில் இன்று பல நாடுகள் இருக்கின்றன. ஆனால் நாடுகளுக்கு மேலே நின்று 'மூடுக' என்று உத்தரவிட ஓர் உயர் நீதிமன்றம் இல்லை. ஆதலால் நாடுகள் தாமாகவே கூடி ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

1992-ஆம் ஆண்டு பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில் நடந்த மாநாட்டில் ஐக்கிய நாடுகளின் பருவநிலை உடன்படிக்கை கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. பொறுப்பு எல்லோருக்கும் பொதுவானது, ஆயினும் அதன் அளவு நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பது அதன் அடிப்படை. 1997-இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் உருவான ஒப்பந்தம், தொழில்வளம் பெற்ற நாடுகள் தங்கள் வாயு வெளியீட்டைக் குறிப்பிட்ட அளவு குறைக்க வேண்டும் என்று விதித்தது. அது 2005-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இந்தியா போன்ற நாடுகளுக்கு அத்தகைய கட்டாயம் விதிக்கப்படவில்லை.

சான்று விற்ற காற்றாலைகள்

கியோட்டோ ஒப்பந்தத்தில் ஒரு புதிய ஏற்பாடு இருந்தது. பணக்கார நாடு ஒன்று தன் நாட்டில் ஒரு டன் வாயுவைக் குறைக்க அதிகச் செலவாகுமானால், வளரும் நாட்டில் குறைக்கப்பட்ட ஒரு டன்னுக்குரிய சான்றை விலைக்கு வாங்கித் தன் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். 'தூய வளர்ச்சி முறை' என்பது இதன் பெயர். ஒரு சான்று என்றால் ஒரு டன் கரியமில வாயு.

இது நம் பகுதிக்கு வந்த விதத்தைக் காண்போம். நூற்பாலைக்கு இரவும் பகலும் மின்சாரம் வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று உடுமலைப்பேட்டை, பல்லடம் பக்கமாக வீசுவதை நாம் அறிவோம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. அந்தக் காற்றிலிருந்து மின்சாரம் எடுக்க ஆலை உரிமையாளர்கள் சொந்தக் காற்றாலைகளை நிறுவினர். காற்றாலை ஓரிடத்திலும் நூற்பாலை வேறிடத்திலும் இருக்கும். காற்றாலை தரும் யூனிட்டுகளை மின்வாரியத்தின் கம்பி ஏற்றுக்கொண்டு, ஆலையின் கணக்கில் கழித்துவிடும். அந்த யூனிட்டுகளுக்காக அனல்மின் நிலையங்களில் அவ்வளவு நிலக்கரி எரிக்க வேண்டியதில்லை அல்லவா? அந்த மிச்சமே சான்றுக்கு அடிப்படை.

எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். சிறிய காற்றாலை ஒன்று ஓராண்டில் 5 இலட்சம் யூனிட் தருவதாகக் கொள்வோம். நிலக்கரி மிகுதியாகப் பயன்படும் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.9 கிலோ கரியமில வாயு வெளிவரும். ஆகவே மிச்சமாவது 4,50,000 கிலோ, அதாவது 450 டன்; 450 சான்றுகள். சான்று ஒன்று 20 யூரோவுக்கு விற்றால் 9,000 யூரோ. யூரோவுக்கு 70 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 6,30,000 ரூபாய்.

கணக்கு எளிது, சான்று பெறுவது எளிதன்று. திட்ட அறிக்கை எழுத வேண்டும், ஐ.நா. அங்கீகாரம் பெற்ற தணிக்கை நிறுவனம் வந்து சோதிக்க வேண்டும். ஆண்டுதோறும் மீட்டர் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். ஒரு காற்றாலை மட்டும் வைத்திருக்கும் ஆலை இச்செலவைத் தாங்காது. ஆகவே தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கமாகிய 'டாஸ்மா', தமிழ்நாட்டின் பல நூற்பாலைகளுடைய காற்றாலைகளை ஒரே கட்டாகச் சேர்த்து, ஒரே திட்டமாக ஐ.நா. அமைப்பிடம் பதிவு செய்தது. சாயப்பட்டறைகள் கூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்ததுபோலவே, ஆலைகள் கூடி உலகச் சந்தையில் நுழைந்தன. ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இன்னொரு சிறப்பும் இதில் உண்டு. இம்முறையில் வழங்கப்பட்ட சான்றுகளில் நூற்றுக்கு 2, 'தகவமைப்பு நிதி' என்னும் உலக நிதிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. பருவநிலையால் துன்புறும் வளரும் நாடுகளைக் காப்பதற்கான நிதி அது. நம் கணக்கில் வரும் 450 சான்றுகளில் 9 அந்நிதிக்குச் சேரும். எங்கோ ஒரு நாட்டின் ஏழை உழவருக்கு உதவ, கொங்கு நாட்டுக் காற்றும் ஒரு சிறு பங்கு அளித்தது என்று நாம் மகிழலாம்.

விலை வீழ்ந்த கதை

2008-ஆம் ஆண்டின் நடுவில் சான்று ஒன்றின் விலை 20 யூரோவைத் தாண்டியிருந்தது. 2012-ஆம் ஆண்டின் இறுதியில் அது ஒரு யூரோவுக்கும் கீழே போய்விட்டது. நாம் மேலே போட்ட கணக்கில் அரை யூரோ விலை வைத்தால், 6,30,000 ரூபாய் வரவேண்டிய இடத்தில் 15,750 ரூபாய்தான் வரும். சோதனைச் செலவுக்கே அது போதாது.

இதற்குக் காரணங்கள் பல. 2008-இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தால் ஐரோப்பியத் தொழிற்சாலைகளின் உற்பத்தி குறைந்தது. அதனால் சான்றுகளின் தேவையும் குறைந்தது. பெரிய வாங்குபவராக இருக்கவேண்டிய அமெரிக்கா, கியோட்டோ ஒப்பந்தத்தை உறுதி செய்யவே இல்லை. கனடா 2011-இல் விலகுவதாக அறிவித்தது. 2013-இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் ஜப்பானும் ரஷியாவும் புதிய இலக்கை ஏற்கவில்லை. புதிதாகப் பதிவாகும் திட்டங்களில் மிகவும் பின்தங்கிய நாடுகளின் சான்றுகளை மட்டுமே 2013 முதல் ஏற்பது என்று ஐரோப்பிய ஒன்றியம் முடிவு செய்தது. வாங்குவோர் ஒவ்வொருவராக விலக, சான்றுகள் மட்டும் குவிந்துகொண்டே போயின.

ஆர்டர் வரும் என்று நம்பி நூல் வாங்கி, துணி ஓட்டி, வெட்டித் தைத்து முடித்தபின் வாங்குபவர் பின்வாங்கினால் என்ன ஆகும் என்பதை நம் ஊரில் விளக்கவேண்டியதில்லை. அதே நிலை இங்கும் ஏற்பட்டது. நற்பேறாக, காற்றாலைகள் நின்றுவிடவில்லை. அவை தரும் மின்சாரம் ஆலைகளுக்கு இன்றும் பயன்படுகிறது. ஆனால் இனி ஓர் உலக ஏற்பாட்டை நம்பி முதல் போடச் சொன்னால் சிறு தொழில் செய்வோர் தயங்குவர். பணம் குறைந்ததைவிட நம்பிக்கை குறைந்ததே பெரிய இழப்பு என்று நாம் கருதுகிறோம்.

குறைகளையும் காண்போம்

நடுநிலையோடு பார்த்தால் இந்த ஏற்பாட்டிலேயே குறைகள் இருந்தன. சான்றுப் பணம் இல்லாவிட்டால் இத்திட்டம் நடந்திராது என்று மெய்ப்பிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் காற்றாலை நிறுவியவர்களுக்கு மின்கட்டணம் மிச்சமாயிற்று. வருமான வரியிலும் பெரிய சலுகை இருந்தது. சான்று இல்லாமலே அவர்கள் காற்றாலை நிறுவியிருப்பார்களோ என்ற ஐயத்தை அறிஞர் பலர் எழுப்பினர். அப்படி நிறுவியிருந்தால், அந்தச் சான்றை வாங்கிய நாடு தன் புகையைக் குறைக்காமலே கணக்கு முடித்துக்கொண்டதாகும்.

அடுத்து, பயன் யாருக்குச் சேர்ந்தது என்ற கேள்வி. உலக அளவில் மிகுதியான சான்றுகளைப் பெற்றது சீனா. அதற்கு அடுத்து இந்தியா. மிக ஏழையான ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கிடைத்தது மிகச் சிறு பங்கே. ஊர் அளவிலும் இதே நிலைதான். காற்றாலை வைக்க வசதியுள்ள ஆலைக்குச் சான்று கிடைத்தது. நான்கு மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்பவருக்கு இம்முறையில் இடமே இல்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாளிட்டு எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்னும் திருமடலில் இதைப்பற்றிய எச்சரிக்கை உண்டு. இத்தகைய சான்று வணிகம் ஒரு புதுவகை ஊக வாணிபமாக மாறக்கூடும் என்றும், சில நாடுகள் தம் மிகையான நுகர்வைத் தொடர்வதற்கு அது ஒரு வழியாகிவிடக்கூடும் என்றும் அவர் சுட்டிக்காட்டினார். பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்குச் சூழலியல் கடன்பட்டுள்ளன என்பதும் அம்மடலின் கருத்து. இந்தக் கருத்தோடுதான் நாம் அடுத்த பகுதியைப் படிக்க வேண்டும்.

கொடையா, கடனா?

சான்று வணிகம் ஒருபுறமிருக்க, நேரடி நிதி உதவி பற்றியும் நாடுகள் பேசிவந்தன. 2009-ஆம் ஆண்டு கோபன்ஹேகன் மாநாட்டில், 2020-ஆம் ஆண்டுக்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக வளர்ந்த நாடுகள் வாக்களித்தன. 2010-இல் கான்கூன் மாநாட்டில் 'பசுமைப் பருவநிலை நிதி' அமைக்க முடிவாயிற்று. அதன் தலைமையகம் தென்கொரியாவில் உள்ளது. ஆனால் வாக்களித்த தொகை 2020-இல் சேரவில்லை. வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பு வெளியிட்ட கணக்கின்படியே, அது 2022-ஆம் ஆண்டில்தான் எட்டப்பட்டது. அந்தத் தொகையிலும் அரசுகள் வழியே வந்ததில் பெரும்பகுதி கடன்.

கடன் என்பதால் அதை இகழவேண்டியதில்லை. காற்று மிகுந்த மாதங்களில் எல்லா மின்சாரத்தையும் ஏற்கக் கம்பி வழி போதாமல் காற்றாலைகளை நிறுத்திவைத்த காலமும் தமிழ்நாட்டில் இருந்தது. அந்நிலையை மாற்றப் புதிய மின்வழித் தடங்கள் அமைக்க, ஜெர்மன் அரசின் வளர்ச்சி வங்கி தமிழ்நாட்டுக்குக் கடன் தந்தது. வருவாய் தரும் பணிக்குக் கடன் பொருந்தும். ஆனால் புயலில் வீடிழந்தவருக்குக் கடன் கொடுத்து வட்டி கேட்பது நியாயமாகுமா? ஒரத்துப்பாளையத்து உழவருக்கு நஷ்டஈடு என்று சொல்லிக் கடன் கொடுத்திருந்தால் நாம் ஒப்புக்கொண்டிருப்போமா? இதனால்தான் 'இழப்பு மற்றும் சேதம்' என்ற பெயரில் தனி நிதி வேண்டும் என்று சிறு தீவு நாடுகள் நெடுங்காலம் வற்புறுத்தின. 2022-ஆம் ஆண்டு எகிப்தில் கூடிய மாநாடு அதை ஏற்றது. 2023-இல் துபாய் மாநாட்டில் அந்நிதி செயலுக்கு வந்தது.

2024-ஆம் ஆண்டு அஜர்பைஜான் நாட்டின் பாக்கு நகரில் புதிய இலக்கு வைக்கப்பட்டது: 2035-ஆம் ஆண்டுக்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர். வளரும் நாடுகள் கேட்டதோ 1,30,000 கோடி டாலர். இத்தொகை போதாது என்று இந்தியப் பிரதிநிதி அவையிலேயே மறுப்புத் தெரிவித்தார். 2025 ஜனவரியில், 2015-இல் உருவான பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து மீண்டும் விலகுவதாக அமெரிக்கா அறிவித்தது. சான்று விலை வீழ்ந்த கதையை அறிந்த நமக்கு இச்செய்திகளின் பொருள் நன்கு புரியும். பெரிய தொகையை அறிவிப்பதைக் காட்டிலும், அறிவித்ததைக் குறித்த காலத்தில் தருவதே கூட்டுறவுக்கு உயிர்நாடி.

நாம் செய்யக்கூடியவை

இவையெல்லாம் அரசுகளின் வேலை என்று நாம் இருந்துவிடலாகாது. இந்திய அரசு 2023-இல் அறிவித்த உள்நாட்டுக் கார்பன் சான்று வணிகத் திட்டத்தில் ஜவுளித் துறையும் இடம்பெற்றுள்ளது. ஒரு சட்டைக்கு எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு விறகு செலவாயிற்று என்ற கணக்கை வெளிநாட்டு வாங்குபவர்களும் கேட்கத் தொடங்கியுள்ளனர். சாயக்கழிவைச் சுத்திகரித்து உப்பைப் பிரிக்கும் நிலையங்களுக்கே மின்சாரமும் விறகும் மிகுதியாகத் தேவைப்படுகின்றன. ஆற்றைக் காக்கும் செலவு காற்றின் கணக்கில் ஏறாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டிய நிலையில் நம் ஊர் இருக்கிறது. இக்கணக்கைச் சரியாக எழுதவும் சரிபார்க்கவும் தெரிந்தவர்கள் நாளைக்குத் தேவைப்படுவர். கணிதமும் வேதியியலும் வணிகவியலும் பயிலும் மாணவியருக்கு இது நல்ல துறையாகும்.

இன்றே தொடங்கக்கூடியதும் உண்டு. மாணவியர் தம் வீட்டு மின்கட்டண அட்டையை எடுத்து, இரண்டு மாத யூனிட்டுகளை 0.9-ஆல் பெருக்கினால், எத்தனை கிலோ கரியமில வாயு என்பது ஏறத்தாழத் தெரியும். வகுப்பில் ஒவ்வொருவர் கணக்கையும் கூட்டிப் பார்க்கலாம். அடுத்த ஆண்டு அதே மாதங்களின் கணக்கோடு ஒப்பிடலாம். சிறு துளி பெரு வெள்ளம் என்பது சேமிப்புக்கும் பொருந்தும், புகைக்கும் பொருந்தும். பெற்றோரும் தாம் பணிபுரியும் இடங்களில் இதைப்பற்றிப் பேசினால், கணக்கு வீட்டோடு நின்றுவிடாது.

கேட்டை விளைவித்தவர் செலவை ஏற்றல், எளியவர் கூடி நிற்றல், கொடுத்த வாக்கைக் காலத்தில் காத்தல் ஆகிய மூன்றும் நொய்யற்கரையில் நாம் அரும்பாடுபட்டுக் கற்றவை. இவற்றை உலக நாடுகளிடம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அவற்றை முதலில் நம் தெருவிலும் நம் தொழிலிலும் கடைப்பிடிக்கும் கடமையும் நமக்கு உண்டு. உரிமையையும் கடமையையும் சேர்த்தே கற்போமாக.